தலைமையும் ஆசிரியரும்

கேள்வி: அரசுத் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் நிர்வாகத்தைப் பார்ப்பாரா, பாடத்தைப் பார்ப்பாரா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பதவியின் பெயரில் பாதி 'ஆசிரியர்'. நாம்தான் 'தலைமை'க்கே எல்லா வேலையையும் கொடுத்துவிட்டோம்! காலை உணவு, 'எமிஸ்' என்னும் கல்வித் தகவல் தளத்தில் வருகைப்பதிவு, மதிய உணவு, நடுவே வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து 'உடனே அனுப்பவும்' என்றொரு படிவம்.

எனக்குத் தெரிந்த தலைமையாசிரியர் ஒருவர் கைபேசியில் விவரம் ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து வகுப்பில் ஒரு சிறுமி 'மழை'யை 'மலை' என்று வாசித்தாள். கைபேசியை மேசையில் கவிழ்த்துவிட்டு எழுந்து போனார். நாக்கை மடித்துக் காட்டி நாலு முறை சொல்லவைத்தார். ஐந்தாவது முறை மழை பெய்தது! படிவம் அரை மணி தாமதம், குடி முழுகிவிடவில்லை. தினமும் ஒரு பாடவேளையாவது இப்படி வகுப்பில் இருப்பவரே என் கணக்கில் தலைமையாசிரியர்.

ஆனால் எல்லாவற்றையும் அவர் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. பள்ளிக்குள்ளேயே குவியும் படிவங்களைப் பற்றி அது பேசவில்லை. பெரும்பாலான தொடக்கப்பள்ளிகளில் எழுத்தரும் கிடையாது. நாலு பள்ளிக்கு ஓர் எழுத்தரையாவது அரசு நியமிக்கட்டும்.