ஒகேனக்கல் ஒழுக்கம்

தருமபுரி மாவட்டத்துக்குக் கடல் இல்லை. அந்தக் குறையை ஒகேனக்கல்லில் காவிரி தீர்த்துவைக்கிறது. வருகிறவர்களுக்குச் சில முறைமைகள் உண்டு. பரிசலில் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும்; நடு ஆற்றில் செல்ஃபிக்காக அதைக் கழற்றுவது நம்மவர் மரபு. எண்ணெய் மசாஜ்காரர் முதுகில் தட்டும்போது ‘ஐயோ’ என்று கத்தக் கூடாது. பாராட்டு என்று நினைத்து அடுத்த தட்டைப் பலமாகப் போடுவார். வறுத்த மீனைத் தின்னலாம். தின்ற தட்டை ஆற்றில் விடுவது பக்தியில் சேராது. கர்நாடக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எகிறினால் குளியலுக்கும் பரிசலுக்கும் தடை. உடனே ஒருவர், “கலெக்டர் ஆபீசுல நம்ம மாமா இருக்காரு” என்று போனை எடுப்பார். மாமா நல்லவர்தான். ஆனால் கர்நாடகத்தில் பெய்த மழைக்குத் தருமபுரி சிபாரிசு செல்லாது.