மூணு கொட்டேஷன் அண்ணாச்சி

எங்கள் தெருவில் மிக்ஸி மக்கர் பண்ணினாலும், மாடியில் நீர் கசிந்தாலும், முதலில் போய் நிற்கிற வாசல் அண்ணாச்சி வீட்டு வாசல்தான். பாளையங்கோட்டையில் அவர் விலை விசாரிக்காத கடை கிடையாது. பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக முப்பத்தைந்து வருஷம் கால்வாய்க் கரையிலேயே நடந்து ஓய்வு பெற்றவர். சர்க்கார் அவரிடமிருந்து டேப்பையும் டார்ச்சையும் திருப்பி வாங்கிக்கொண்டது; பழக்கத்தை வாங்க மறந்துவிட்டது. மூன்று கொட்டேஷன் இல்லாமல் அண்ணாச்சி ஒரு கவுளி வெற்றிலைகூட வாங்கமாட்டார்.

"மூணு இடத்துல கேக்கணும் வே. கொறைச்சு சொன்னவனுக்கு வேலையைக் குடுத்துட்டா ஆடிட்காரன் வாயைத் திறக்கமாட்டான்" என்பார்.

ஆடிட்காரர் வாயைத் திறக்காதது இருக்கட்டும். அண்ணாச்சி தன் வாயைத் திறக்க மூன்று வருஷம் ஆனதுதான் கதை.

மூன்று ஆடிக்கு முன்னால் அவருக்குக் கீழ்த்தாடை வலப்பக்கக் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்தது. அன்று முதல் அந்தப் பக்கம் போக்குவரத்து ரத்து. இட்லி, தோசை, புட்டு எல்லாம் இடப்பக்கமாக ஒருவழிப் பாதையில் போயின. தண்ணீர் குடிக்கும்போது தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொள்வார். தெரியாதவர்கள், பெரிய மனுஷர் ஏதோ யோசிக்கிறார் என்று எழுந்து நிற்பார்கள்.

வலி வந்தால் கிராம்பு. கூடினால் கிராம்புத் தைலம். இன்னும் கூடினால் உப்புத் தண்ணீர், அதற்கும் மேலே போனால் மெடிக்கல் ஷாப் தம்பி தருகிற மாத்திரை. கிராம்பைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அதில் இருக்கிற யூஜினால் என்ற சத்து கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்வது நிஜம். ஆனால் மரத்துப்போனது வலிதானே தவிர சொத்தை இல்லை. அது பாட்டுக்கு ராத்திரி பகல் பார்க்காமல் குழி தோண்டிக்கொண்டே இருந்தது.

"டாக்டரைப் பாருங்களேன்" என்று மதினி சொல்லும்போதெல்லாம் அண்ணாச்சியிடம் பதில் தயார். "எனக்கு மட்டும்னா இன்னைக்கே போயிருவேன். குடும்பத்துக்கே சேத்து ஒரு ஆளைப் பிடிக்கணும்லா? அவசரப்படக்கூடாது."

குடும்பம் என்றால் சும்மா இல்லை. எண்பத்து நாலு வயது ஆச்சிக்குப் பல் செட். அதுவும் பேசினால் ஆடும், சிரித்தால் இறங்கும். மதினிக்குப் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். கடைக்குட்டி மகளுக்குக் கல்லூரிப் பரீட்சை நேரத்தில் ஞானப் பல் முளைத்துத் தாடை வீங்கியது. மூத்த மகள் வயிற்றுப் பேரனுக்கு ஆறு வயது, முன்பல் ஆட்டம். இத்தனை வாய்க்கும் ஒரே டாக்டர். அவர் வலிக்காமல் பார்க்க வேண்டும், திட்டக்கூடாது, அவசரப்படுத்தக்கூடாது, பணம் பறிக்கக்கூடாது. மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அண்ணாச்சி இவ்வளவு நிபந்தனை போடவில்லை.

தேடல் தொடங்கியது. முதல் கிளினிக்கில் ஏசி, கண்ணாடித் தொட்டியில் மீன், காபி மெஷின். அண்ணாச்சி மீனை எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். "அந்த மீனுக்குத் தீனி நம்ம பல்லுலேருந்துதான் போவும்." இரண்டாவது இடத்தில் காத்திருக்க ஆளே இல்லை. கைராசி இல்லாதவராம். மூன்றாவது இடத்தில் உட்கார நாற்காலி இல்லாத கூட்டம். அங்கே போனால் பொழுது விடிந்துவிடுமாம். நான்காவது டாக்டருக்கு வயது குறைவு. "மீசையே இன்னும் முளைக்கல, அவரு எப்படி வே நமக்கு முளைச்சதைப் பிடுங்குவாரு?" ஐந்தாவது டாக்டருக்கு வயது கூடுதல், கை நடுங்குமாம். நடுங்கியதைப் பார்த்தீர்களா என்றேன். "நடுங்காம இருந்துச்சு. அதான் சந்தேகம்" என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, விசாரணையில் மனிதர் கெட்டி. பல் மருத்துவர் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது, பதிவு நம்பர் இல்லாதவர் கடையில் படி ஏறாதே என்று தெருவுக்கே சொன்னவர் அவர்தான். பிடிஎஸ் என்றால் பயிற்சி வருஷத்தையும் சேர்த்து ஐந்து வருஷப் படிப்பு, அதற்கு மேல் எம்டிஎஸ் மூன்று வருஷம், அதில் ஒன்பது பிரிவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "ஈறுக்கு ஒருத்தர், வேருக்கு ஒருத்தர், கம்பி கட்ட ஒருத்தர், பிள்ளைகளுக்குன்னு தனியா ஒருத்தர். ஒரு வாய்க்கு ஒம்போது டிபார்ட்மெண்ட் வே! எங்க பிடபிள்யூடியே தோத்துது."

ஒருமுறை சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போனவர், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி வரைக்கும் போனார். 1953-இல் தொடங்கிய இடம், அனுபவசாலிகள் இருப்பார்கள் என்று கணக்கு. 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, வாசல் போர்டை முழுசாகப் படித்துவிட்டு, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு என்று திரும்பி வந்துவிட்டார்.

போனிலும் விசாரிப்பார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், தெருவுக்கே கேட்கும்.

"வேர் சிகிச்சைக்கு எவ்வளவு?"

"எந்தப் பல்லுன்னு பார்க்கணும் சார். எக்ஸ்ரே எடுத்தாத்தான் சொல்லமுடியும். முன்பல்லுன்னா பெரும்பாலும் ஒரு கால்வாய். கீழ்க் கடைவாய்ப் பல்லுல சாதாரணமா ரெண்டு வேர், மூணு கால்வாய் இருக்கும்."

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது அன்று ஒருநாள்தான். போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ரூட் கெனால், ரூட் கெனால்னு பயங்காட்டுதானுவளே, அது கால்வாய்தானாம் வே! பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய், கோடகன் கால்வாய். மூணையும் தூர் வாரணும், அவ்வளவுதான். நான் பாக்காத தூர் வாரலா?"

அதைச் சொன்னவுடன் பழைய ஞாபகம் வந்து முகம் சிவந்தது. கார் சாகுபடிக்கு ஜூன் மாதம் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் அவசர அவசரமாகத் தூர் வாரிவிட்டு, மதகுப் பலகையை மாட்டாமல் பில்லைக் கேட்டு வந்து நிற்கும் காண்ட்ராக்டர்களை அவர் மன்னித்ததே இல்லை. "பாதி வேலைக்கு எம்-புக்குல கையெழுத்துப் போடமாட்டேன் வே. தூர் வாரினவன் மதகையும் போட்டுட்டுத்தான் போவணும்." அளவுப் புத்தகம் என்கிற அந்த எம்-புக்கின்மேல் அவருக்கு இருந்த பக்தியில் பாதி பல் துலக்குவதில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

மாசி மாதத்தில் ஒரு ராத்திரி. பல்வலிக்கு ஒரு குணம், படுத்தால் கூடும். இரண்டு மணிக்கு அண்ணாச்சி மொட்டைமாடியில் நடந்துகொண்டிருந்தார். தெருநாய்கள் முதலில் குரைத்தன. பிறகு அவர் முனகல் கேட்டு மரியாதையாக ஒதுங்கிக்கொண்டன. விடிந்ததும் ஆச்சி செட்டை மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்: "ஏல, ஓலையெல்லாம் வாங்கினது போதும். பயலுக்கு ஆடுத பல்லுக்குப் பின்னால இன்னொண்ணு முளைக்கு. அவனைக் கூட்டிட்டு முக்கு வீட்டு டாக்டரம்மாகிட்ட போ."

முக்கு வீடு என்பது எங்கள் தெரு முனையிலேயே இருக்கும் கிளினிக். மூன்று வருஷமாக அண்ணாச்சி தினமும் அதைத் தாண்டித்தான் வேறு டாக்டர்களை விசாரிக்கப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் இருப்பதை யாராவது விசாரிப்பார்களா?

துணைக்கு என்னையும் அழைத்தார். உள்ளே நுழைந்ததும் மூக்கை உறிஞ்சினார். "என்ன வே, நம்ம வீட்டு வாசனை அடிக்கி?" கிராம்பு வாசனைதான். தற்காலிகமாகப் பல் அடைக்கிற மருந்திலும் அந்த யூஜினால் உண்டு. எந்த வாசனைக்குப் பயந்து ஓடினாரோ அதையே வாய்க்குள் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்.

டாக்டரம்மா பேரனை நாற்காலியில் ஏற்றி, பொத்தானை அவன் கையிலேயே கொடுத்து, மேலும் கீழும் இரண்டு தடவை ஓட்டச் சொன்னார். சின்னக் கண்ணாடியைக் கொடுத்து அவருடைய பல்லை முதலில் எண்ணச் சொன்னார். "இருபத்தெட்டு" என்றான். "நாலு ஞானப் பல்லையும் எடுத்தாச்சு கண்ணா, அதான்" என்றார். அப்புறம் தண்ணீர் பீய்ச்சும் குழாயை அவன் உள்ளங்கையில் அடித்துக் காட்டிவிட்டு வாய்க்குள் கொண்டுபோனார். எதைச் செய்யப் போகிறோம் என்று சொல்வது, சொன்னதைக் காட்டுவது, காட்டியதை மட்டும் செய்வது. அவ்வளவுதான் வித்தை.

"எப்ப வேண்டாம்னு தோணுதோ இடது கையைத் தூக்கு. நிறுத்திருவேன்."

பயல் அண்ணாச்சி பேரன் அல்லவா? சோதித்துப் பார்த்தான். கையைத் தூக்கினான், நின்றது. மறுபடி தூக்கினான், நின்றது. நான்கு தடவை தூக்கினான்; நான்கு தடவையும் அந்த அம்மா முகம் சுளிக்காமல் கருவியை வெளியே எடுத்தார். ஐந்தாவது தடவைக்குள் ஆடிய பல் பஞ்சில் வந்துவிட்டது. அவன் அழ மறந்து, பல்லைக் கூரையில் எறியச் சாணி கிடைக்குமா என்று கேட்டான்.

"கடைசியில பாருங்க ஐயா, ஆறு வயசுல ஒரு கடைவாய்ப் பல் வரும். எந்தப் பல்லும் விழாம தானா முளைக்கிறதால பால் பல்லுன்னு நினைச்சு விட்டுருவாங்க. இதுதான் ஆயுசுக்கும் இருக்கப்போறது" என்றார் டாக்டரம்மா.

அண்ணாச்சி அதைக் கேட்கவில்லை. மெதுவாகக் கேட்டார்: "நான் கையைத் தூக்கினாலும் நிறுத்துவீங்களாம்மா?"

"நிச்சயமா ஐயா."

மூன்று வருஷ விசாரணையில் இந்தக் கேள்வியை மட்டும் அவர் எங்கேயும் கேட்டதில்லை.

சுகர் உண்டா, பிரஷர் உண்டா, என்ன மாத்திரை என்று எழுதிக்கொண்டு, ஈறில் மரப்பு மருந்தை ஸ்ப்ரே அடித்து, ஊசியை நிதானமாக இறக்கினார் அந்த அம்மா. பத்து நிமிஷத்தில் அண்ணாச்சியின் கீழுதடு வேறு யாருடையதோ ஆனது. வேலை நடக்கும்போது திடீரென்று இடது கை உயர்ந்தது. கருவி நின்றது. "வலிக்குதா ஐயா?"

"ஜீயெஷ்டி உண்டா?"

"வைத்தியத்துக்குக் கிடையாது ஐயா."

கை இறங்கியது. மறுபடி உயர்ந்தது. "ரஷீது?" அதுவும் உண்டு என்றதும்தான் பாளையங்கால்வாயில் வேலை தொடர்ந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாரும் வரிசையாகப் போனார்கள். ஆச்சியின் செட் ஆடுவதற்குக் காரணம் செட் இல்லை, வருஷம் போகப் போகத் தாடை எலும்பு கரைவதுதான் என்று சொல்லி, உள்பக்கம் சரிசெய்து கொடுத்தார். ராத்திரி அதைக் காகிதத்தில் மடித்துத் தலையணைக்கடியில் வைக்காமல் தண்ணீரில் போடச் சொன்னார். மதினி, சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்றார். ஆடுகிற பல்லைக் காரைதான் பிடித்து வைத்திருக்கிறது, காரையே ஈறைத் தின்கிறது என்று கண்ணாடியில் காட்டினார். கடைக்குட்டியின் ஞானப் பல்லுக்குச் சனிக்கிழமை வரும் அறுவை நிபுணரைக் கூட வைத்துக்கொண்டார். ஒரே ஃபைலில் ஐந்து வாய். ஆச்சி ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது ஆச்சிக்கு மறந்தாலும் அந்த ஃபைலுக்கு மறக்காது.

அண்ணாச்சி இப்போது கிளினிக்கின் பிரசார பீரங்கி. கடைத்தெருவில் யார் கன்னத்தில் கை வைத்தாலும் விடமாட்டார். "கையைத் தூக்குனா நிறுத்துவாங்க வே!"

ஒன்றை மட்டும் சொல்லமாட்டார். மூன்றாம் தடவையோடு வலி நின்றது. அடுத்த வாரம் கேப் போட வரவேண்டும், உள்ளே குடைந்த பல் மூடி இல்லாவிட்டால் பிளந்துவிடும் என்று அந்த அம்மா இரண்டு தடவை சொன்னார், மூன்று தடவை போன் போட்டார். உலோகமா, செராமிக்கா, ஜிர்கோனியாவா? அண்ணாச்சி கொட்டேஷன் வாங்கப் போய்விட்டார். வலி இல்லாத மனிதனின் விசாரணைக்கு முடிவு ஏது?

ஐப்பசியில் மூத்த மகள் கோவில்பட்டியிலிருந்து கடலைமிட்டாய் வாங்கி வந்தாள். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. மூன்று வருஷம் மூடிக் கிடந்த வலப்பக்கப் பாதையை அன்றுதான் அண்ணாச்சி போக்குவரத்துக்குத் திறந்துவிட்டார். 'டக்' என்று சத்தம். பக்கத்து வீட்டில் இருந்த எனக்கே கேட்டது.

உடைந்த சில்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, ஈறுக்கு மேலே உடைந்ததால் எடுத்துக்கட்டி கேப் போட்டுவிடலாம் என்றார் டாக்டரம்மா. மதினி மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்:

"தூர் வாரிட்டு மதகு போடாமப் போன காண்ட்ராக்டரு யாருன்னு எம்-புக்குல எழுதிருங்க."

அண்ணாச்சி கை தூக்கினார். டாக்டரம்மா நிறுத்தினார். மதினி நிறுத்தவில்லை.

இப்போது கேப் போட்டாகிவிட்டது. பழைய பழக்கத்தில் அவர் டைரியில் எழுதி வைத்திருப்பதை எனக்குக் காட்டினார்: "கீழ்த்தாடை, வலப்புறம். கால்வாய் மூன்று எண்ணம் தூர் வாரப்பட்டு, மதகு பொருத்தப்பட்டது. பணி நிறைவு. பராமரிப்பு: ஆறு மாதத்துக்கு ஒருமுறை."

அதன் கீழே வேறு மையில், மதினியின் குண்டு குண்டான கையெழுத்தில் ஒரு வரி: "கால தாமதம்: 3 வருஷம். காரணம்: மூணு கொட்டேஷன்."