அப்பாவுக்குப் போன் வாங்குதல்: பழியேற்பியல் நோக்கில் ஒரு முன்னாய்வு

தமிழ்க் குடும்பங்களில் ஸ்மார்ட்போன் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பது முறையான ஆய்வுக்கு இன்னும் காத்துக்கிடக்கும் துறை. யூடியூபில் நாள்தோறும் வரும் விமர்சனங்களை ஆய்வு என்று கொள்ள இயலாது. அவை போனைப் பற்றிப் பேசுகின்றனவே தவிர, அதைக் கையில் வாங்கப்போகிறவரைப் பற்றிப் பேசுவதில்லை. அவ்விமர்சகர்களுள் எவரும் தம் மாமனாருக்குப் போன் வாங்கிக்கொடுத்து, அதன்பின் வந்த ஞாயிற்றுக்கிழமைகளைக் கடந்து வந்ததற்கான சான்றும் கிடைக்கவில்லை.

ஆய்வின் எல்லை பின்வருமாறு: அறுபதைக் கடந்த, பணி ஓய்வு பெற்ற, வெள்ளெழுத்துக் கண்ணாடி அணிந்த ஒரு தந்தை, ‘பதினஞ்சுக்குள்ள’ என்ற நிதி ஒதுக்கீடு, ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒரு பிள்ளை. இளைஞர்கள் தமக்குத் தாமே வாங்கிக்கொள்ளும் போன்கள் இவ்வாய்வில் சேரா. அங்கே தேர்வு நடப்பதில்லை, ஆசை மட்டுமே நடக்கிறது. ஆசைக்கு இலக்கணம் வகுப்பது நம் வேலையன்று.

முன்னோர் கருத்தையும் பார்த்துவிடுவது மரபு. 1978-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதன் ஆகச் சிறந்ததைத் தேடி அலைவதில்லை, ‘இது போதும்’ என்று படும் இடத்தில் நின்றுவிடுகிறான் என்றார். நல்ல கருத்துதான். ஆனால் போதும் என்று யாருக்குப் பட வேண்டும்? பணம் கொடுப்பவர் ஒருவர், பரிந்துரைப்பவர் இன்னொருவர், பயன்படுத்துபவர் மூன்றாமவர் என்கிற நம் வீட்டு நிலவரத்துக்கு அவர் கருத்தில் இடமில்லை. எனவே நம் முடிபு சற்றே வேறுபடுகிறது. நம் வீடுகளில் முதலில் தேர்ந்தெடுக்கப்படுவது போன் அன்று. பின்னாளில் போன் மக்கர் பண்ணும்போது ‘நீ சொல்லித்தானே வாங்குனது’ என்று கேட்கப்பட வேண்டிய ஆள். அவரைப் பழியேற்பாளர் என்க. அவர் அமைந்துவிட்டால் போன் தானாக அமைந்துவிடும்.

பழியேற்பாளருக்கு உரிய ஒரே தகுதி ஐ.டி.யில் இருத்தல். அங்கே அவர் பார்ப்பது ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் சம்பளப் பட்டியலைச் சோதிக்கும் வேலையாக இருக்கலாம். போனுக்கும் அவருக்கும் உள்ள உறவு தவணை கட்டுவதோடு முடிந்திருக்கலாம். அதனால் என்ன? கண் டாக்டர் கல்யாண வீட்டுக்கு வந்தால் முட்டி வலியைப் பற்றிக் கேட்பதில்லையா?

அற்றேல், பயன்படுத்தப்போகிற தந்தையையே கேட்டுவிடலாமே எனின், ஆகாது. ‘எனக்கு எதுக்குப்பா இவ்வளவு விலையில’ என்பதே அவர் தரும் விடை. இதைச் சொற்பொருளாகக் கொண்டு எட்டாயிரத்தில் போன் வாங்கிக்கொடுத்த பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர் மகன் வாங்கிக்கொடுத்த போனின் விலையை மாதக்கணக்கில் கேட்க நேர்ந்தது. அவ்விடைக்கு உண்மைப் பொருள் ‘நல்லதா வாங்கு’ என்பதே.

தந்தையிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. அதன் பெயர் நோக்கியா 1100. 2003-ல் வந்தது, உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது, உச்சியில் ஒரு டார்ச் வைத்திருந்தது. மாடியிலிருந்து விழுந்தால் மூன்று பாகமாகப் பிரியும். சேர்த்து வைத்தால் மறுபடி பேசும். அதன்பின் வந்த எல்லாப் போன்களையும் தந்தை இதனோடு வைத்தே பார்க்கிறார். ‘அதுல சார்ஜு வாரக்கணக்குல நிக்கும்’ என்ற வாக்கியத்துக்கு எந்த 6000 எம்ஏஎச் பேட்டரியிடமும் பதில் இல்லை.

இனிக் களஆய்வு. மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடை. கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் மூன்று போன்களை எடுத்து வைத்தான். ‘சார், இது கேமராவுக்கு. இது கேமிங்குக்கு. இது சார்ஜிங்குக்கு.’ தந்தை மூன்றையும் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘பேசுறதுக்கு எது தம்பி?’ என்றார். பையன் பழியேற்பாளரைப் பார்த்தான். பழியேற்பாளர் தம் போனைப் பார்த்தார். நம் தரவுகளுள் இதுவே முதன்மையானது. பேசுவதற்கு எது என்ற வினாவை எந்த விவரப் பட்டியலும் எதிர்பார்க்கவில்லை.

பட்டியல் எதிர்பார்க்கும் வினா மெகாபிக்சல். 108 மெகாபிக்சல் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும். அதில் வழக்கமாக எடுக்கும் படமோ 12 மெகாபிக்சல்தான். ஒன்பது ஒளிப்புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கித்தான் அந்தச் சென்சார் படம் தருகிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் இது உண்மையில் உதவும், குறை சொல்வதற்கில்லை. ஆனால் 108 கொடுத்து 12 வாங்கும் இந்தக் கணக்கை விளக்கத் தொடங்கிய பழியேற்பாளரிடம் தந்தை, ‘அப்ப மீதி 96 யாருக்குப் போகுது?’ என்று கேட்டார். அவர் கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவர்.

‘8 ஜிபி ராம், கூட 8 ஜிபி’ என்பதும் இவ்வகையே. கூட வரும் எட்டு, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. உண்மையான ராமைவிட மெதுவானது. இதன்மேல் அதிக நேரம் செலவிடுதல் தகாது. வாட் கணக்கும் அப்படியே. இரவெல்லாம் சார்ஜில் கிடக்கும் போனுக்கு 33 ஆனால் என்ன, 67 ஆனால் என்ன.

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு; கடையில் அதை ஒருவரும் கேட்பதில்லை. இந்தப் போனுக்கு எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் வரும்? 2023-ல் பிக்சல் 8-க்கு கூகுள் ஏழாண்டு தருவதாக அறிவித்தது. 2024-ல் கேலக்ஸி எஸ்24-க்குச் சாம்சங்கும் அவ்வாறே. பட்ஜெட் போன்கள் பலவற்றுக்கு இதில் பாதிகூட இருப்பதில்லை. தந்தையோ ஒரு போனைத் திரை கறுக்கும்வரை வைத்திருப்பவர், அதில் பென்ஷன் கணக்கையும் யுபிஐயையும் வைத்திருப்பவர். ஆகவே வீட்டிலேயே நீண்ட அப்டேட் தேவைப்படும் ஆள் அவர்தான். வீட்டிலேயே குறைந்த அப்டேட் உள்ள போன் போய்ச் சேர்வதும் அவரிடம்தான். இதைக் கேட்டபோது கடைப் பையன், ‘அப்டேட் பண்ணா போன் ஸ்லோ ஆயிடும் சார்’ என்றான். இக்கோட்பாட்டைத் தந்தை உடனே ஏற்றுக்கொண்டார். கடையில் அவர் மறுக்காமல் ஏற்ற ஒரே செய்தி அதுவே.

மென்பொருளுக்கு வருவோம். இங்கே தேர்வு என்ற சொல்லே பொருந்துமா என்பது ஐயம். கணினி வலையமைப்பில் முன்னோடியான ராபர்ட் மெட்காஃப் பெயரால் ஒரு விதி உண்டு: ஒரு வலையமைப்பின் மதிப்பு அதில் உள்ளோர் எண்ணிக்கையின் இருமடிக்கு ஏற்ப உயரும். 2025 செப்டம்பர் இறுதியில் ஜோஹோவின் அரட்டை செயலியில் நாளுக்கு 3,000 ஆக இருந்த புதுப் பதிவுகள் மூன்று நாளில் 3,50,000 ஆயின என்று அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். அவற்றுள் ஒன்று நம் தந்தையுடையது. தென்காசிப் பக்கம் அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனி என்ற பெருமையில் அவர் அன்றே சேர்ந்தார். அன்றே குடும்பத்தார் அனைவருக்கும் அழைப்பு அனுப்பினார். நால்வர் வந்தனர், வணக்கம் சொன்னார்கள், வாட்ஸ்அப்புக்குத் திரும்பிப் போனார்கள். காரணம், அத்தை வரவில்லை. மெட்காஃப் விதியின் குறைபாடு இங்கே வெளிப்படுகிறது: அது எல்லா உறுப்பினரையும் ஒரே எடையாகக் கொள்கிறது. ‘குலதெய்வம் துணை’ குழுவில் அத்தை ஒருவரே பதினைந்து பேர்.

தமிழில் தட்டச்சிட வழியில்லை என்ற குறை பழங்கதை. தமிழ்99 விசைப்பலகை 1999-லேயே வந்தாயிற்று. 2005-ல் முத்து நெடுமாறனின் செல்லினம் கைபேசிக்குத் தமிழைக் கொண்டுவந்தது. இன்று மைக்கைத் தொட்டுப் பேசினாலே எழுத்தாகிவிடுகிறது. தந்தை இவை அனைத்தையும் அறிவார். அறிந்தும் அவர் தேர்ந்தெடுப்பது குரல் பதிவு. பொத்தானை அழுத்திக்கொண்டு ‘ஹலோ’ என்கிறார், சற்றுப் பொறுக்கிறார், மீண்டும் ‘ஹலோ’ என்கிறார், பதில் வராததால் விட்டுவிடுகிறார். ஐந்து நொடி நீளமுள்ள இவ்வகை ஆவணங்கள் நம் சேகரிப்பில் கணிசமாக உள.

தந்தை தாமே தேடி இறக்கும் செயலிகள் இரு வகைப்படும்: போனைச் சுத்தம் செய்வன, டார்ச் அடிப்பன. முதல் வகை சுத்தம் செய்துவிட்டு விளம்பரம் போடுகிறது. இரண்டாம் வகையில் எச்சரிக்கை தேவை. 2013-ல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம், மிகப் பிரபலமான ஒரு டார்ச் செயலி பயனர்களின் இருப்பிடத்தை விளம்பரக்காரர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுத்தது. நோக்கியா 1100-இன் டார்ச் யாரிடமும் எதையும் சொன்னதில்லை என்ற வகையில், தந்தையின் அளவுகோல் இங்கே எதிர்பாராத வலு பெறுகிறது. போனிலேயே டார்ச் இருக்கிறது, மேலிருந்து திரையை இழுத்தால் வரும் என்று பழியேற்பாளர் காட்டிக்கொடுத்தார். இழுத்தபோது விமானப் பயன்முறை இயங்கிவிட்டது. இரண்டு நாள் யாருக்கும் அழைப்பு போகவில்லை. பழி உரியவரைச் சென்றடைந்தது.

எழுத்தின் அளவை ஆகப் பெரியதாக்கி வைத்தல் எல்லாத் தந்தையரும் செய்வது, செய்ய வேண்டியதும்கூட. விளைவாகச் சில செயலிகளில் ‘சமர்ப்பி’ பொத்தான் திரைக்குக் கீழே இறங்கி மறைகிறது. அந்தப் பொத்தானைத் தேடி ஊரிலிருந்து பெங்களூருக்கு வரும் வீடியோ அழைப்பில் தெரிவது பெரும்பாலும் தந்தையின் நெற்றியும் மின்விசிறியும்.

உபகரணங்களில் மடிப்பு உறை கட்டாயம். அதனுள் ரேஷன் ஸ்மார்ட் கார்டு, ஆத்திர அவசரத்துக்கு ஒரு ஐந்நூறு ரூபாய், போனின் பாஸ்வேர்டு எழுதிய துண்டுத் தாள் ஆகியன இடம்பெறும். பாதுகாப்பு வல்லுநர் இதற்கு நெஞ்சைப் பிடித்துக்கொள்வர். நாம் இதனை வழக்காறு என்று மட்டும் பதிவு செய்கிறோம்.

எஞ்சி நிற்பது ஒரு கருத்து வேறுபாடு. கம்பெனியிலிருந்தே திரைமேல் ஒட்டி வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிப்பதா, வேண்டாமா? உரித்துவிட்டு டெம்பர்டு கிளாஸ் ஒட்ட வேண்டும் என்பது பழியேற்பாளர் கட்சி. அது இருக்கும்வரை போன் புதுசு என்பது தந்தை கட்சி. தாளின் மேல் விளிம்பு காதில் வைக்கும் ஒலித்துளையை மூடிக்கொண்டிருக்கிறது என்று பழியேற்பாளர் போனில் விளக்கிப் பார்த்தார். மறுமுனையிலிருந்து வந்த பதிலை அப்படியே தருகிறோம்: ‘என்னப்பா சொல்ற? சத்தமா பேசு. நீ வாங்கிக் குடுத்த போன்ல ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது.’