வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும்: கேள்வி-பதில்

கேள்வி: மூன்று மாத வாடகை பாக்கி. 'ஒரு வாரத்தில் காலி செய்' என்று வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். மூட்டை கட்டவா?
(மடிப்பாக்கம் வாசகர்)

பதில்: வாட்ஸ்அப்பால் காலியாவது போன் சார்ஜ் மட்டும்தான். அதற்காகக் காலை நீட்டிப் படுத்துவிடாதீர்கள். 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். இரண்டு மாத வாடகை நின்றாலே வீட்டுக்காரர் பாக்கியைக் கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம். அது உங்கள் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் தலை தப்பும். கட்டாவிட்டால் அவர் வாடகை நீதிமன்றத்துக்குப் போவார். ஒரு முறை இப்படித் தப்பிய பிறகு, ஏதாவது ஓர் ஆண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் மறுபடி கோட்டை விட்டால், அந்தச் சலுகை இல்லை. ஒரு வாரக் கெடுவுக்கு நீங்கள் நடுங்க வேண்டாம். அந்த ஒரு மாதத்துக்கு நடுங்குங்கள்.

கேள்வி: ஆறு மாதமாகக் காசு தராமல் தினமும் பிரியாணி ஆர்டர் செய்கிறார் என் குடித்தனக்காரர். அக்ரிமென்டும் போடவில்லை. மோட்டாரை நிறுத்தினால் ஓடிவிடமாட்டாரா?
(ஸ்ரீரங்கம் வீட்டுக்காரர்)

பதில்: ஓடுவார், நேராக வாடகை அதிகாரியிடம். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதைச் சட்டம் தெளிவாகத் தடுக்கிறது. உடனே திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவும் வரும். நேற்று வரை அவர் பாக்கிக்காரர். வால்வை மூடிய நிமிடத்திலிருந்து அவர் பாதிக்கப்பட்டவர், நீங்கள் வில்லன். எதற்கு இந்த இலவச வேடமாற்றம்? வெளியூர் போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

அக்ரிமென்ட் இல்லையே என்று கலங்க வேண்டாம். எழுத்தில் ஒப்பந்தம் போட முடியாமல் போனதையே காலி செய்யச் சொல்லும் காரணமாக இந்தச் சட்டம் ஏற்கிறது. வக்கீலைப் பாருங்கள். பிரியாணியைப் பார்த்துப் பொருமாதீர்கள், அது செல்லுபடியாகிற சாட்சியம் இல்லை.

கேள்வி: வாடகையைக் கொண்டுபோனால் வாங்க மறுக்கிறார். என்ன நல்ல மனிதர்!
(தாம்பரம் வாசகி)

பதில்: அம்மா, அது நல்ல மனசு இல்லை, பழைய தந்திரம். வாங்காமலே இருந்துவிட்டு, பிறகு 'பாக்கி' என்று வழக்குப் போடுவதற்கான ஒத்திகை. மணியார்டரிலோ, பதிவு நிற்கும் வேறு வழியிலோ தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்புங்கள். அப்போதும் ஏற்கவில்லையென்றால் வாடகை அதிகாரியிடமே கட்டலாம். ரசீதுகளை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: பத்து மாத அட்வான்ஸ் அவர் கையில். பாக்கியை அதில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா?
(கோவை வாசகர்)

பதில்: சொல்லலாம், அவர் எழுத்தில் சம்மதித்தால் சரி. நீங்களாகவே கழித்துக்கொண்டு வாடகையை நிறுத்துவது வம்பு. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம், 'ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இருந்தாலொழிய' என்ற வாலோடு. உடம்பைவிட வால் பெரிது! வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதியைத் திருப்பித் தரவேண்டும். சுண்ணாம்புச் செலவு, ஆணி ஓட்டைச் செலவு என்று பட்டியல் நீளும். ஆகவே குடிபுகும் அன்றே சுவர்களைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: 12 வருடம் குடியிருந்தால் வீடு நமக்கே சொந்தமாமே?
(மதுரை வாசகர்)

பதில்: டீக்கடைச் சட்டம். மாதா மாதம் வாடகை கொடுப்பவர், 'வீடு உங்களுடையதுதான் ஐயா' என்று மாதா மாதம் ஒப்புக்கொள்கிறார். 12 அல்ல, 40 வருடம் ஆனாலும் கதை அதுதான்.

கேள்வி: அதென்ன எல்லா அக்ரிமென்டும் 11 மாதம்?
(சேலம் வாசகி)

பதில்: ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதிலிருந்து நழுவத்தான் ஒரு மாதத்தை வெட்டினார்கள். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது: எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், துணை ஆட்சியர் தகுதிக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆக வேண்டும். உங்கள் பத்திரம் பீரோவில் தூங்குகிறதா? இந்த வாரமே எடுத்துப்போய்ப் பதிவு செய்யுங்கள்.