காட்டில் டிஷ் கட்டிக் களிப்பது எப்படி?

ஆர்வி என்பது சக்கரம் வைத்த வீடு. படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். அமெரிக்கர்கள் அதை ஓட்டிக்கொண்டு போய் ஏதாவது ஒரு தேசியப் பூங்காவில் மரத்தடியில் நிறுத்தி, நீண்ட மூச்சு ஒன்றை இழுத்துவிட்டு, உடனே டிவியைப் போடுவார்கள். நீங்களும் இந்தக் கோடையில் அப்படி ஒன்றை வாடகைக்கு எடுத்துவிட்டீர்கள். கூடவே ஒரு சின்ன டிஷ், ஒரு முக்காலி, ஒரு சுருள் கேபிள். வாழ்த்துகள்!

கீழே உள்ளதை வரிசை மாறாமல் செய்யுங்கள். பாதியை யாரும் சொல்லித்தராமலே செய்துவிடுவீர்கள் என்று தெரியும். மீதிக்குத்தான் இந்தப் பயிற்சி.

படி 1. நிழலைப் பார்த்து இடம் பிடியுங்கள்

வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குள் ஹோ மழைக்காடு இருக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 140 அங்குலம் மழை. பாசி தொங்கும் ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் மரங்கள் 60 மீட்டர் உயரத்துக்குச் சர்வசாதாரணமாக வளர்ந்து நிற்கும். உங்களுக்கென்றே படைத்த இடம்.

இடம் பிடிக்கும்போது "நிழல் இருக்குமா?" என்று மட்டும் கேளுங்கள். "தெற்கே வானம் தெரியுமா?" என்று வாய்தவறியும் கேட்டுவிடாதீர்கள். டிவி செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர்மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கே சுற்றுகின்றன. அதனால் நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்கின்றன. இந்த யோசனையை 1945-இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் விரித்து எழுதிய ஆர்தர் சி. கிளார்க் பிற்பாடு இலங்கையில் குடியேறினார். புத்திசாலி. அங்கே டிஷ்ஷைக் கிட்டத்தட்ட உச்சி வானத்துக்கே காட்டலாம். எந்த மரமும் குறுக்கே வராது. ஹோவில் நிலைமை வேறு. அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 35 டிகிரி உயரத்தில்தான் செயற்கைக்கோள் நிற்கும். தெற்கே 60 மீட்டர் மரம் ஒன்று இருந்தால், அதைவிட்டு 85 மீட்டர் தள்ளிப் போனால்தான் டிஷ்ஷுக்கு வழி கிடைக்கும். உங்கள் கேபிளின் நீளம் 15 மீட்டர். எனவே இந்தக் கணக்கைப் போட்டு மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கைப்பேசி கேமராவை வானத்துக்கு நீட்டினால் செயற்கைக்கோள் எந்த மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று காட்டும் செயலிகள் உண்டு. போய்ச் சேர்ந்த பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவையுங்கள். ஹோவில் செல்பேசி சிக்னலை நம்ப முடியாது.

படி 2. முக்காலியை வேரின் மேல் நிறுத்துங்கள்

ஒரு கால் வேரில், ஒரு கால் சேற்றில், ஒரு கால் கல்லில். டிஷ்ஷின் முதுகில் பொறித்திருக்கும் டிகிரி அளவெல்லாம் அதைத் தாங்கும் குழாய் செங்குத்தாக நின்றால் மட்டுமே உண்மை பேசும். குழாய் சாய்ந்தால் அளவுகோலும் சேர்ந்து பொய் சொல்லும். ரசமட்டம் கொத்தனாருடைய சாமான், நீங்கள் படித்தவர். கண்ணை இடுக்கிப் பார்த்து "நேராத்தான் இருக்கு" என்று உரக்கச் சொல்லுங்கள்.

மறந்தும் முக்காலியில் தண்ணீர் வாளியைக் கட்டித் தொங்கவிடாதீர்கள். காற்றுக்கும் ஒரு வாய்ப்புத் தர வேண்டும்.

படி 3. திசைகாட்டியை வண்டியின் பானெட் மேல் வையுங்கள்

இரும்புக்குப் பக்கத்தில் வைத்தால்தான் முள் உற்சாகமாக ஆடும். நகர்த்தி வைத்தாலும் கவலை வேண்டாம், இன்னொரு பிழை கைவசம் இருக்கிறது. காந்த முள் காட்டும் வடக்கு வேறு, வரைபடத்து வடக்கு வேறு. ஹோ இருக்கும் பகுதியில் இரண்டுக்கும் நடுவே சுமார் 15 டிகிரி இடைவெளி. நாட்டின் எதிர்மூலையில், மெய்ன் மாநிலத்தில், ஏறக்குறைய அதே அளவு எதிர்ப்பக்கம். 46 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வையோ மொத்தமே 4 டிகிரிக்குள் அடங்கும். ஆகவே இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டாலே போதும், செயற்கைக்கோள் தப்பித்துவிடும்.

தெரிந்தவர் என்றால் இன்னும் சிறப்பாகச் செய்யலாம். சில ரிசீவர்கள் இந்தத் திருத்தத்தை முன்கூட்டியே செய்துதான் திரையில் திசையைக் காட்டும். அதை நீங்கள் இன்னொரு முறை திருத்துங்கள்.

படி 4. டிஷ் எங்கே பார்க்கிறது என்பதைக் கண்ணாலேயே தீர்மானியுங்கள்

இந்தச் சின்ன டிஷ்களின் வயிற்றில் ஒரு சூட்சுமம். சிக்னலைப் பிடிக்கும் முனை நடுவில் இல்லாமல் கீழே தள்ளியிருப்பதால், டிஷ் பார்ப்பதாக நமக்குத் தோன்றும் இடத்தைவிட இருபது டிகிரிக்கும் மேலே அது பார்த்துக்கொண்டிருக்கும். 35 டிகிரிக்குச் சரியாக வைத்த டிஷ், எதிர்மரத்தின் அடிப்பாகத்தை முறைப்பது போலவே இருக்கும். உடனே நிமிர்த்துங்கள். வானத்தைப் பார்த்து மல்லாந்தால்தான் உங்களுக்கு நம்பிக்கை வரும். இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்தால் முந்தைய மூன்றையும் தவறிப்போய்ச் சரியாகச் செய்திருந்தாலும் பாதகமில்லை.

படி 5. கத்துங்கள்

நாம் மொட்டைமாடிப் பரம்பரை. ஒருவர் மேலே ஆன்டெனாவைத் திருப்ப, ஒருவர் மாடிப்படியில் நின்று செய்தி சொல்ல, ஒருவர் கீழே டிவி முன்னால் உட்கார்ந்து "வருது... வருது... போச்சு" என்று குரல் கொடுக்க, கடலோர ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினி டிவியையே இழுத்துப் பிடித்தவர்கள். அந்த வித்தையை அப்படியே காட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். மனைவியை வண்டிக்குள் டிவி முன்னால் உட்காரவையுங்கள். வெளியே நின்று டிஷ்ஷை நிதானமாக, நிற்காமல் திருப்பிக்கொண்டே "வருதாம்மா?" என்று கேளுங்கள்.

அந்தக் காலத்து ஆன்டெனாவில் படம் புள்ளிபுள்ளியாக, நிழல்நிழலாக, மெல்ல மெல்லத் தெளிந்து வரும். கிட்ட வந்துவிட்டோம் என்று கைக்குத் தெரியும். டிஜிட்டலுக்கு அந்தக் கருணை கிடையாது. வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் கறுப்புத் திரை. அதிலும் டிஷ் சரியான இடத்துக்கு வந்த பிறகு ரிசீவர் அதைக் கண்டுகொண்டு சிக்னல் மீட்டரில் காட்டச் சில விநாடிகள் பிடிக்கும். கொஞ்சம் திருப்பி, நிறுத்தி, காத்திருந்து, மறுபடி கொஞ்சம் திருப்புவதுதான் முறை. நீங்கள் நிறுத்தாதீர்கள். அவர் "வந்திடுச்சு!" என்று கத்தும்போது உங்கள் கை அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். "எங்க வந்தது?" என்று நீங்கள் கேட்பதற்குள் "போயிடுச்சு" என்று பதில் வரும். "நீ சரியாப் பாக்கல" என்று சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் அடுத்த படிக்குப் போக அனுமதி இல்லை.

மீட்டரில் திடீரென்று நல்ல அளவு காட்டியும் படம் வரவில்லையா? அது வேறு ஏதோ ஒரு செயற்கைக்கோள். அதையே இறுகப் பிடித்துக்கொண்டு திருகாணிகளை முறுக்கிவிடுங்கள்.

படி 6. பக்கத்து வண்டியைப் பார்த்து எழுதுங்கள்

பக்கத்தில் ஒருவர் மடக்கு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய டிஷ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதே பக்கம் உங்களுடையதையும் திருப்புங்கள். அவர் டைரக்டிவி நிறுவனத்தின் வாடிக்கையாளர், நீங்கள் டிஷ் நெட்வொர்க் நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்பதெல்லாம் அற்ப விஷயம். அவருடைய முக்கியமான செயற்கைக்கோள் 101 டிகிரி மேற்கில், உங்களுடையவை 110, 119, 129 டிகிரியில். எல்லாம் ஒரே வானம்தானே.

அவரிடம் ஆலோசனையும் கேளுங்கள். அவர் எழுந்து வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு மரத்தைக் காட்டுவார். மரத்தைச் சந்தேகிக்காதீர்கள். செயற்கைக்கோளைச் சந்தேகியுங்கள். கிரகங்களின் மேல் பழிபோட்டுப் பழகிய நமக்குச் செயற்கைக் கிரகத்தின் மேல் போடுவதா பெரிய காரியம்?

அப்படியே, வண்டிக் கூரையில் கைப்பிடியைச் சுற்றினால் உயரும் ஆன்டெனா ஒன்று இருக்கும், அதையும் ஏற்றிவையுங்கள். அது தரைவழி ஒளிபரப்புக்கானது. செயற்கைக்கோளுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இருந்தாலும் ஏற்றுங்கள்.

படி 7. கேபிளைப் பற்றி யோசிக்காதீர்கள்

அந்தக் கூரை ஆன்டெனாவுக்காக டிவிக்குப் பின்னால் சுவரில் ஒரு பூஸ்டர் பொத்தான் இருக்கும், சின்ன விளக்கோடு. டிஷ் கேபிளை அதன் வழியாகக் கொடுத்து, விளக்கை எரியவிடுங்கள். டிஷ்ஷின் முனையில் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பிக்குத் தனி மின்சாரம் கிடையாது. ரிசீவர்தான் அதே கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி அதை உயிரோடு வைத்திருக்கிறது. இடையில் பூஸ்டரோ, மின்சாரத்தைக் கடத்தாத மலிவான ஸ்ப்ளிட்டரோ இருந்தால் எல்என்பி பட்டினி. டிஷ் அங்குலம் பிசகாமல் இருந்தும் திரை கறுப்பாகவே இருக்கும் இன்பத்தை வேறெந்த வழியிலும் பெற முடியாது. பழைய வண்டிச் சுவருக்குள் ஓடும் மெல்லிய ஆர்ஜி-59 கேபிளும் தன் பங்குக்குச் சிக்னலைத் தின்னும். டிஷ்ஷிலிருந்து நேராக ரிசீவருக்கு நல்ல ஆர்ஜி-6 கேபிள் ஒன்றை இழுத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். அதைக் கடைசி நாளுக்கு ஒத்திவையுங்கள்.

படி 8. வந்துவிட்டால் கெடுங்கள்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலருக்குப் படம் வந்துவிடும். பதறாதீர்கள். சேனல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சினிமா வரும், விளையாட்டு வரும், செய்தி வரும். உங்கள் ஊர் உள்ளூர் சேனல்கள் மட்டும் வராது. காரணம் எளிது. உள்ளூர் சேனல்களைச் செயற்கைக்கோள் அந்தந்த வட்டாரத்தின் மேல் மட்டும் ஒடுக்கமான கற்றையாகப் பாய்ச்சுகிறது. நீங்கள் அந்த வட்டத்தைத் தாண்டி வந்துவிட்டீர்கள். நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டு இருக்கும் இடத்தைச் சொன்னால் இந்த வட்டாரத்துச் சேனல்களைத் திறந்துவிடுவார்கள். போன் வேண்டாம். டிஷ்ஷைத் திருப்புங்கள்.

படி 9. மழை, கரடி, ஜெனரேட்டர்

மழைத்துளி செயற்கைக்கோள் அலைவரிசையை விழுங்கும். நனைந்த இலை அதைவிட மோசம்: காய்ந்த கிளை வழியே சற்றே கசிந்த சிக்னலும் நனைந்த பிறகு நின்றுபோகும். டிஷ்ஷின் மேல் ஈரம் தங்காதிருக்கச் சமையல் எண்ணெயை ஸ்ப்ரே செய்யும் பழக்கம் ஆர்விக்காரர்களிடம் உண்டு. இதைக் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் செய்யுங்கள். வாசனையுள்ள எதையும் வெளியே வைக்கக் கூடாது, கரடி வரும் என்று அங்கே திரும்பிய பக்கமெல்லாம் எழுதியிருப்பார்கள். டிஷ்ஷைத் திருப்ப ஆள் கிடைத்த மாதிரி.

யோசெமிட்டியில் ஜெனரேட்டர் போட நேரம் உண்டு: காலை 7 முதல் 9, நண்பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7. ஞாயிற்றுக்கிழமை மதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் அங்கே ஒரு மணிக்கு மேல் தொடங்கும். பேட்டரியை முன்னாடியே சார்ஜ் செய்துவைக்காதீர்கள். முதல் முக்கால் மணிநேரத்துக்கு மேல் அந்த ஆட்டத்தில் என்ன இருக்கிறது?

படி 10. அப்படியே கிளம்புங்கள்

அனுபவசாலிகள் ஸ்டீயரிங்கில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருப்பார்கள்: ஆன்டெனாவை இறக்கியாயிற்றா? நீங்கள் அட்டை எழுதும் ஜாதி அல்ல. டிஷ்ஷை மட்டும் சுருட்டி உள்ளே எறிந்துவிட்டு, படி 6-இல் ஏற்றிய ஆன்டெனாவை ஏற்றியபடியே வண்டியை எடுங்கள். ஊர் திரும்பும் வழியில் வட கரோலினாவின் டர்ஹாம் நகரைத் தொட்டுச் செல்லுங்கள். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்று, பரவாயில்லை. அங்கே ஒரு ரயில் பாலம் 11 அடி 8 அங்குல உயரத்தில் நின்று, வருகிற லாரிக் கூரைகளையெல்லாம் வெகுகாலம் உரித்துக்கொண்டிருந்தது. 2019-இல் அதை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதன் பிறகும் வண்டிகள் இடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தப் பாலத்தையே பார்த்தபடி 2008 முதல் கேமராவும் ஓடுகிறது. நேராக ஓட்டுங்கள்; டிவியில் படம் வராவிட்டால் என்ன, நீங்களே படத்தில் வந்துவிடுவீர்கள்.