கோடியக்கரைக்கு வந்த கோமான்

என்னாடா தம்பி, முதுவுல அது என்னா மூட்டை? கூடாரமா? சரி. அந்த நீளக் குழாயி? தண்ணி வடிகட்டவா? ம். நெத்தியில வெளக்கு, இடுப்புல கத்தி, கையில தெசை காட்டுற கடியாரம். கெழக்கு எஞ்ச இருக்குன்னு பாக்கவா? இஞ்ச கெழக்கயும் கடலு, தெக்கயும் கடலு. பொழுது எஞ்ச மொளைக்குதோ அது கெழக்கு. இதுக்குப் போயி அம்புட்டுக் காசு அழுதியா?

‘யாரும் கால் வைக்காத கரைக்குப் போறேன்’னு போனுல எழுதிப்புட்டுக் கெளம்புனியாமே. வேதாரண்யத்துலேர்ந்து பஸ்ஸு வருதுடா. பத்துப் பன்னெண்டு கிலோமீட்டரு. கண்டக்டரு டிக்கெட்டுக் கிழிச்சுக் குடுக்குற ஊருல வந்து நீ கொலம்பஸு மாரி எறங்கி நிக்குற.

ஒனக்கு முன்னால சுந்தரரு வந்துட்டாரு, தெரியுமா? சேரமான் பெருமாளையும் கூட்டிக்கிட்டு வந்தாரு. ஆயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு. வந்தவரு குழகரு கோயிலு வாசல்ல நின்னு சாமிக்காவ வெசனப்பட்டாரு. கடக்காத்து வந்து மோதுது, அக்கம்பக்கத்துல ஒரு குடி இல்ல, பொந்துக்குள்ள ஆந்தை அலறுது, இப்புடி ஒத்தையில ஏன்யா கெடக்குறேன்னு சாமியையே கேட்டுப்புட்டாரு. அதோட விட்டாரா? இஞ்ச சுத்தியிருக்குற ஆளுவளும் சரியில்லன்னு ஒரு போடு போட்டாரு. அது எங்க பாட்டன் பூட்டனத்தான். தேவாரத்துல ஏறுன குடும்பம்டா எங்களது, லேசா நெனச்சுப்புடாத.

அவரு மனசுல பட்டதச் சொன்னாரு. எடம் பயமா இருக்கு, பேச்சுத் தொணை இல்ல. சோலி முடிஞ்சுது. நீ என்னா பண்ற? தனிமைய அனுபவிக்க வந்தேங்குற. எறங்குன கால் மணி நேரத்துல போன ஆகாசத்துக்குத் தூக்கிக்கிட்டு, டவரு டவருன்னு மேடு மேடா ஏறுற. நீ தனியா இருக்குறத நாலு பேருக்குச் சொல்லாட்டி அது தனிமை ஆவாதா? அந்த நாலு பேருல ரெண்டு பேரு பாத்துட்டுப் பதில் போடலன்னா ராத்திரி சோறு எறங்க மாட்டேங்குதே ஒனக்கு!

மேடுன்னதும் நெனப்பு வருது. ராமர் பாதம்னு ஒரு மேடு காட்டுக்குள்ள இருக்கு. இந்தச் சுத்துவட்டாரத்துக்கே ஒசந்த எடம் அதான். எம்மாம் ஒசரங்குற? ரெண்டு ஆளு ஒசரத்துக்கு மேல கொஞ்சம். அதுக்கு ஒருத்தன் ரெண்டு கையிலயும் ஊனுகோலு புடிச்சு, மலையேறுற பூட்ஸு மாட்டி, மூச்சு வாங்கி ஏறுனான். மேல போயி ரெண்டு கையையும் விரிச்சு நின்னு படம் எடுத்துக்கிட்டான். ராமரே அஞ்ச வெறுங்காலோட நின்னுதான் இலங்கையப் பாத்தாராம். பூட்ஸு போட்டிருந்தா பாதம் எப்புடிடா பதியும்?

நடக்கணும்னு ஆசையா? நல்ல ஆசைதான். 1930ல ராஜாஜி உப்பு அள்ளத் திருச்சியிலேர்ந்து வேதாரண்யத்துக்கு நடந்தாரு. ஏப்ரல் 13ந் தேதி கெளம்பி 28ந் தேதி வந்து சேந்தாரு. கத்திரிக்கு முந்துன வெயிலு. பின்னால நூறு பேரு. அவுங்களுக்குச் சோறு போட்டா செயிலுன்னு தஞ்சாவூரு கலெக்டரு தோர்ன் மெரட்டி வச்சிருந்தான். சனம் என்னா பண்ணுச்சு? சோத்துப் பொட்டலத்தக் கட்டி மரக்கெளையில தொங்கவிட்டுட்டு, ஒண்ணுந் தெரியாத மாரி வீட்டுக்குப் போயிருச்சு. மரத்தப் புடிச்சா செயில்ல போட முடியும்? ஒன்னோட நடைக்கு முந்நூறு ரூவா சாக்லேட்டுக் கட்டி வேண்டிக் கெடக்கு.

அப்ப உப்பு அள்ளுனது அகத்தியம்பள்ளியில. இப்பயும் அந்தப் பக்கம் அளம்தான். சித்திரை வைகாசியில போயிப் பாரு. பாத்தி பாத்தியா வெள்ளை. கண்ணத் தொறக்க முடியாது. பொம்பளைங்க கணுக்கால் உப்புத் தண்ணியில நின்னு பலகையால வாரி வாரிக் கரையில குவிப்பாங்க. பித்தவெடிப்புல உப்புத் தண்ணி எறங்குனா எப்புடி இருக்கும்னு நெனச்சுப் பாரு. அவுங்ககிட்டப் போயி ஒரு பட்டணத்துப் பய, ‘இயற்கையோட வாழுறீங்க, குடுத்து வச்சவங்க’ன்னு சொன்னான். ஒரு அம்மா பலகைய நீட்டுச்சு. ‘இந்தாப்பா, நீயும் கொஞ்ச நேரம் வாழு’ன்னுச்சு. பய அப்ப எடுத்த ஓட்டத்த நிறுத்துன மாரி தெரியல.

கடல்ல வெளையாடணுமா? பலவ, துடுப்பு, மெதக்குற சட்டை எல்லாம் கொண்டாந்திருக்க. எதிர்க்கரை சிலோனு. 1954லயே நவரத்தினசாமின்னு ஒருத்தரு வல்வெட்டித்துறைப் பக்கத்துலேர்ந்து இஞ்ச நீந்தி வந்துட்டாரு. 1971ல ஆனந்தன்னு ஒரு வக்கீலு அதே மாரி வந்தாரு. வந்தவரு கரையில குந்தி எளநி குடிச்சுட்டு, திரும்பக் கப்பல்ல போனாருன்னு நெனைக்கிறியா? அப்புடியே திரும்பி நீந்தியே போனாரு. 51 மணி நேரம்! நீ முழங்கால் தண்ணியில நின்னு மெதக்குற சட்டைய இறுக்குற. இறுக்கு, நல்லதுதான், கழட்டிப்புடாத. மொகத்துல அந்த வீரம் மட்டும் எதுக்குங்குறேன்.

ஒனக்குக் கடலவிடப் பயம் வேண்டியது சேத்துக்குடா தம்பி. கொஞ்சம் காதக் குடு.

சதுப்புல வெயில் அடிச்சா மேல்மண்ணு காஞ்சு, வெடிப்பு விட்டு, சிமிண்டுத் தரையாட்டம் கெடக்கும். நம்பிக் கால வச்சியோ, மேல் பத்து ஒடையும். உள்ள மையிக் கறுப்பு. அழுவுன முட்டை நாத்தம் குப்புன்னு கெளம்பும். மொதல்ல கணுக்காலு. ஒரு காலப் புடுங்க இன்னொரு கால உன்னுவ. உன்னுன காலு முழங்கால் மட்டும் எறங்கும். இழுத்தா காலு வரும், பூட்ஸு வராது. அப்ப என்னா பண்ணணும்? கத்தாத. துள்ளாத. மூட்டையக் கழட்டி எறிஞ்சுட்டு மல்லாக்கச் சாயி. பாரம் பரவுனா சேறு புடிய விடும். மெதுவா ஒவ்வொரு காலா உருவு. சட்டை போனா போவுது, சட்டைக்கா வந்த? எஞ்ச கால வைக்கிறதுன்னு தெரியலன்னா ஊரு ஆளக் கேளு. ஆளு இல்லையா? இஞ்ச திரியுற காட்டுக்குதிரை போயிப் போயிப் பழகுன தடத்துல போ. அது ஒன் கடியாரத்தவிட வெவரமானது.

இந்தப் புதைசேத்தையும் கொள்ளிவாய்ப் பிசாசையும் கல்கி பொன்னியின் செல்வன்ல வெவரமா எழுதி வச்சிருக்காரு. படிச்சவனுக்கெல்லாம் பூங்குழலி மட்டும்தான் மண்டையில நிக்குறா. 2022ல படம் வேற வந்துருச்சா, அதுலேர்ந்து ஒரே ரோதனை. ‘தாத்தா, பூங்குழலி படகு விட்ட எடம் எது?’ ஏண்டா, அவ கதையில வந்தவ. சேறுதான்டா நெசம். அத எவனாச்சும் கேக்குறானா? அஞ்ச ஒரு பழைய கலங்கரை வெளக்கம் இருந்துச்சு, சோழங் காலத்துதும்பாங்க. 2004 சுனாமியில இடிஞ்சு போச்சு. மிச்சக் கல்லு மேல சாஞ்சு நின்னு படம் எடுத்துட்டு, கீழ தண்ணி பாட்டில விட்டுட்டுப் போறானுவ.

பறவை கதை தனிக் கதை. கட்ச் பக்கத்துலேர்ந்து பூநாரை வருது. கோழி முட்டைப் பாரம்கூட இல்லாத உள்ளான், சைபீரியாவுலேர்ந்து வருது. சாலிம் அலி வந்து பாத்து அசந்து போன எடம் இது. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்து ஆளுவ அதுவ காலுல வளையம் மாட்டி விட்டுக் கணக்கெடுக்குறாங்க. அம்புட்டுத் தொலைவு வந்த பூநாரை, தண்ணியில தலையக் கவுத்து, அலவ மல்லாக்கப் புடிச்சு, சேத்த அலசி நாலு வாயி திங்குது. நம்மாளு கரையில நின்னு கையத் தட்டுறான். ஏன்னா பறந்தாத்தான் வீடியோ நல்லா வருமாம். ஒன்னய எலையில ஒக்கார வச்சு, சோத்துல கைய வச்ச ஒடன ஒருத்தன் வேட்டு வெடிச்சா எப்புடிடா இருக்கும்? ட்ரோனு வேற பறக்க விடுறானுவ. வனத்துறை ஆளு புடிச்சுப் பொட்டியோட வாங்கி வச்சுக்கிட்டா, ‘சொதந்திரம் இல்ல’ன்னு என்கிட்ட வந்து மூக்கச் சிந்துறான். 1967லேர்ந்து இது சரணாலயம். அடைக்கலம் அதுவளுக்குடா, ஒன் பொட்டிக்கு இல்ல.

வெளிமானும் அப்புடித்தான். கெடா மேல கருப்பு, அடி வெள்ளை, முறுக்குன கொம்பு. புல்லுத்தரைக்கு ஒரு ஓரமா வாய மூடிக்கிட்டுக் குந்துனா அதுவா வரும். ஒனக்கு எஞ்ச முடியுது? அஞ்சு நிமிசத்துல, ‘தாத்தா, எப்ப வரும்?’ நான் என்னா அதுக்கு டயம் கீப்பரா? சித்திரையில வந்து நின்னுக்கிட்டு ‘பறவை ஒண்ணையும் காணோமே’ங்குறவனும் இருக்கான். ஐப்பசி மழைக்கு அப்பறம், கார்த்திகை, மார்கழி, தையில வாங்குறேன். ‘அப்ப லீவு இல்ல’ங்குறான். பூநாரை ஒன் ஆபீசுல லீவு கேட்டுக்கிட்டா வரும்?

கார்த்திகையில காத்து வந்தா மட்டும் வெளையாட்டு வச்சுக்காத. 2018 நவம்பரு 16 விடியக்காலம் கஜா வந்துச்சு. ராத்திரி பூரா ஓட்டப் புடுங்குச்சு, மரத்தப் புடுங்குச்சு. காலையில பாத்தா காடு மொட்டை. மானுவ செத்துக் கெடந்துச்சு. மறு வாரமே ஒருத்தன் போன் பண்ணிக் கேக்குறான், ‘தாத்தா, சாஞ்ச மரமெல்லாம் போட்டோவுக்கு நல்லா இருக்குமா?’ன்னு. நான் கெட்ட வார்த்தை பேசி ரொம்ப வருசம் ஆயிருந்துச்சு.

சரி போ, வெயில் ஏறுது. கொரங்குக்குச் சிப்ஸு போடாத. இன்னிக்குக் கையில குடுத்தா நாளைக்குப் பையோட கேக்கும். கரையில வெளியூரு ஆளுவ குடிசை போட்டு மீன் புடிப்பானுவ, சீசனுக்கு வந்து போறவனுவ. மத்தியானச் சோத்துக்கு அவனுவகிட்ட மீனு வாங்கு. ராத்தங்க ஆறாயிரம் குடுத்துட்டு, மீனுல அறுவது ரூவா கொறைன்னு நிக்காத. நின்னாலும் அவன் கொறைக்க மாட்டான். ஒன் கண்ணாடியப் பாத்ததுமே வெலைய ஏத்தித்தான சொல்லியிருப்பான்!