மரவைத்தியச் சக்கரவர்த்திக்கு ஒரு மங்களம்

மடவார் வளாகத்தில் வைத்தியநாதர் கோயில் கொண்டிருக்கிறார். திருமலை நாயக்கரின் வயிற்றுவலியையே தீர்த்தவர் என்பார்கள். ஆனால் அவரும் நோயாளி சந்நிதிக்கு வந்த பிறகுதானே தீர்த்தார்? மருந்துக்கடைக் கல்லாவை விட்டு எழாமல், ஒடித்து வந்த ஓலையைக்கூட ஏறிட்டுப் பாராமல், ராஜபாளையம் முதல் வத்திராயிருப்பு வரையுள்ள தென்னைகளுக்கெல்லாம் மருந்தருளும் எங்கள் மரவைத்தியச் சக்கரவர்த்தியே, தங்கள் கீர்த்திக்கு அது ஈடாகுமா?

தூரில் செம்பழுப்புச் சாறு வடிந்தால் தஞ்சாவூர் வாடல். தண்டுத் துளையில் சாறோடு நார்ச்சக்கை தள்ளினால் சிவப்புக் கூன்வண்டு. விரிந்த ஓலை கத்தரித்தாற்போல் இருந்தால் காண்டாமிருக வண்டு என்று மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தடுமாறுவது சாமானியர் வழக்கம். 1952 புயலுக்குப் பின் தஞ்சையில் தலைகாட்டிய பூஞ்சைக்கும் குருத்தைக் குடையும் வண்டுக்கும் ஒரே புட்டியை நீட்டும் சமரச ஞானம் தங்களுக்கே வாய்த்தது.

2016இல் பொள்ளாச்சிப் பக்கம் வந்திறங்கிய சுருள் வெள்ளை ஈ இங்கும் எழுந்தருளியபோது தாங்கள் காட்டிய வீரத்தை எப்படிப் பாடுவேன்! தண்ணீரைப் பீய்ச்சியடி, மஞ்சள் ஒட்டும்பொறி கட்டு, கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசை தெளி, ஈயை அழிக்கும் என்கார்சியா குளவியைக் காப்பாற்று என்று வேளாண் பல்கலைக்கழகத்தார் காசு பெறாத யோசனைகளைச் சொன்னார்கள். தாங்களோ கடுவிஷம் அடிக்கச் சொல்லி முதலில் அந்தக் குளவியை வைகுந்தம் அனுப்பினீர்கள். காவல் ஒழிந்த தோப்பில் ஈக்கள் குலம் பெருக்கி வாழ்கின்றன. மறுமருந்துக்கு மறுவாரமே கூட்டம். வள்ளலாரும் நினையாத ஜீவகாருண்யம்!

கல்யாண மண்டபத்து வாசலில் நின்ற அலங்காரப் பனைகளும் தங்கள் கடாட்சம் பெற்றன. பச்சை மட்டைகளைத் தண்டோடு கழித்து, ஆணி அறைந்து சீரியல் விளக்கு கட்டுவித்தீர்கள். பச்சைக் காயத்தின் வாசம் பிடித்துக் கூன்வண்டுகள் முகூர்த்தத்துக்கு முன்பே வந்து சேர்ந்தன. பத்திரிகை வைக்காமலே விருந்தினரைக் கூட்டும் கலை வேறு யாருக்கு வரும்?

நயத்தக்க நாகரிகத்தையும் சொல்ல வேண்டும். வேரில் மருந்து கட்டிய மரத்தில் 45 நாள் காய் இறக்கலாகாது என்னும் கசப்பான சொல்லைத் தங்கள் திருவாய் ஒருநாளும் மலர்ந்ததில்லை. தோப்புக்காரர் மனம் நோகாமல் மறுநாளே இளநீர் இறக்கினார். வீட்டிலிருந்த பிள்ளைத்தாய்ச்சிக்கு முதல் காயை வெட்டிக் கொடுத்தார்.

கொண்டை சாய்ந்த மரத்தை வெட்டிப் பிளந்து எரித்துவிடாமல் வரப்பிலேயே கிடத்தச் சொன்னீர்களே, அந்தத் தீர்க்கதரிசனம்! உள்ளே புழுக்கள் கூடு கட்டி, வண்டாகிப் பறந்து, அண்டைத் தோப்புகளுக்கும் தங்கள் புகழைக் கொண்டு சேர்த்துவிட்டன. மேற்கேயுள்ள தோப்புக்காரர் நேற்றே ஆளனுப்பியிருக்கிறார். அவருக்கு இன்னும் நூறு மரம் பச்சையாக நிற்கிறது. புட்டியோடு எழுந்தருள வேண்டும்.